குடிமையியலைக் காப்பாற்ற எந்த வழி? அமெரிக்க மாநிலங்களின் சோதனைகள் ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் குடிமையியலும் வரலாறும் இன்னும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் அந்த நாட்டின் இரு கட்சிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி என்று கேட்டால்தான் சண்டை. தேர்வு வையுங்கள் என்கிறது ஒரு தரப்பு. வகுப்பறையை விட்டு வெளியே அனுப்புங்கள், ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தீர்க்கச் சொல்லுங்கள் என்கிறது மறுதரப்பு. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெவ்வேறு மாநிலங்கள் வெவ்வேறு வழிகளில் போயிருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான சரக்கு சேர்ந்திருக்கிறது. நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு இது தூர நின்று வேடிக்கை பார்க்கும் விஷயம் அல்ல. குடியுரிமை பெற்றவர்களுக்கு, உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் தேர்தலில் வாக்கு இருக்கிறது. பணம் எதற்குப் போக வேண்டும் என்பதில் அந்த வாக்குக்கும் பங்கு உண்டு.

முதலில் நிலவரம். எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் ‘நேப்’ என்ற மதிப்பீட்டில், 2022இல் குடிமையியலில் 22 சதவீதத்தினரும் அமெரிக்க வரலாற்றில் 13 சதவீதத்தினரும் மட்டுமே ‘திறன்பெற்றோர்’ என்ற நிலையை எட்டினார்கள். பத்திரிகைகள் இந்த எண்களைத் தலைப்பில் போட்டு அலறின. கொஞ்சம் நிதானம் வேண்டும். நேப் சொல்லும் திறன்பெற்ற நிலை நம் ஊர் பாஸ் மார்க் அல்ல. அதைவிட நன்றாகவே உயரம். கவலைப்பட வேண்டிய எண் மறுமுனையில் இருக்கிறது. அடிப்படை நிலையைக்கூடத் தொடாதவர்கள் வரலாற்றில் 40 சதவீதம், குடிமையியலில் 31 சதவீதம். பழி முழுவதையும் கொரோனாவின் தலையில் கட்டிவிடவும் முடியாது. வரலாற்று மதிப்பெண் 2014க்குப் பிறகு இறங்குமுகமாகத்தான் இருக்கிறது. 2018லேயே அது குறைந்துவிட்டது.

ஒரே பாடத்திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்தால் என்ன என்று நம்மவர்கள் கேட்பார்கள். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. அது மாநிலங்களின் காரியம். மாநிலங்களுக்குள்ளும் சுமார் 13,000 கல்வி மாவட்டங்கள் தனித்தனியே முடிவெடுக்கின்றன. பாடத்திட்டத்தில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. 1994இல் மத்திய அரசின் நிதியில் தன்னார்வ அடிப்படையிலான தேசிய வரலாற்றுத் தரநிலைகள் தயாராயின. அவை வெளிவருவதற்கு முன்பே, அந்த நிதியை வழங்கிய அமைப்பின் முன்னாள் தலைவரான லின் செனி, நாட்டின் பெருமைகளை விட்டுவிட்டு இழிவுகளை அடுக்குகிறது என்று பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஜனவரியில் செனட் சபை அந்தத் தரநிலைகளை 99க்கு 1 என்ற வாக்கில் கண்டித்தது. அன்று முதல் வாஷிங்டனில் எவரும் அந்தப் பூனைக்கு மணி கட்டத் துணியவில்லை. ஆகவே மாநிலங்களைத்தான் பார்க்க வேண்டும்.

நூறு கேள்விகள்

மலிவான வழியை முதலில் எடுத்தது அரிசோனா. 2015 ஜனவரியில், குடியேறிகள் குடியுரிமை பெற எழுதும் தேர்வின் 100 கேள்விகளில் 60க்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் என்று சட்டம் போட்டார்கள். ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறி, அன்றே ஆளுநர் டக் டியூசி கையெழுத்தும் போட்டுவிட்டார். அதைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாநிலங்கள் இதே வழியை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றின.

இந்த யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. வெளியிலிருந்து வந்தவனிடம் கேட்பதை உள்ளூரில் பிறந்தவனிடம் ஏன் கேட்கக் கூடாது? கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் செனட் உறுப்பினர்கள் எத்தனை பேர், கொடியில் ஏன் பதின்மூன்று கோடுகள் என்று உருப்போடும் தமிழ்ப் பெற்றோரின் வீட்டிலேயே, அங்கே பிறந்த பிள்ளைக்கு அவற்றில் பாதிக்குப் பதில் தெரியாமல் இருப்பது புதிய காட்சி அல்ல. 2018இல் உட்ரோ வில்சன் அறக்கட்டளை எடுத்த கணக்கெடுப்பில், இந்தக் கேள்விகளிலிருந்து தொகுத்த தேர்வில் தேறக்கூடியவர்கள் மூன்றில் ஒருவர்தான் என்று தெரியவந்தது. 45 வயதுக்கு உட்பட்டவர்களில் அது 19 சதவீதம்.

ஆனால் இந்தத் தேர்வு எதற்காகச் செய்யப்பட்டது என்று யோசிக்க வேண்டும். குடியுரிமை நேர்காணலில் அதிகாரி பத்து கேள்விகள் கேட்டுவந்தார். ஆறுக்குச் சரியான பதில் சொன்னால் போதுமாக இருந்தது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதைக் கடினமாக்கி, 128 கேள்விகளில் இருபதைக் கேட்டு, பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். எப்படி மாற்றினாலும் கேள்வியும் பதிலும் முன்கூட்டியே அச்சிட்டுக் கையில் கொடுக்கப்படுபவை. புதிதாக வந்து வேலையும் குடும்பமுமாக இருக்கும் வயது வந்தவருக்கு அது போதுமான வாசல். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கும் அதே வாசல்தானா? அரிசோனாவில் தேறும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். நாட்டின் உச்ச சட்டம் எது என்று கேட்டால் அரசியலமைப்புச் சட்டம் என்று எழுதிவிடலாம். அந்தச் சட்டத்தை ஒரு நகராட்சி மீறினால் யாரிடம் போவது என்ற கேள்வி அங்கே வராது.

பலன்? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சட்டம் போட்ட மாநிலங்களையும் போடாத மாநிலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இளையோர் வாக்களிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. வாக்களிப்பு மட்டுமே குடிமைப் பண்பு ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, கால அட்டவணையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இல்லை, புத்தகம் இல்லை, தேர்வு மட்டும் உண்டு என்றால் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? சட்டமன்ற உறுப்பினர்கள் ஏதோ செய்தோம் என்று காட்டிக்கொள்ள உதவுகிறது. அரசுக்குச் செலவு வைக்காத ஒரே வழி இது. அதன் கவர்ச்சியும் அங்கேதான்.

ஃபுளோரிடா: பாடத்தோடு வரும் தேர்வு

தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் அரிசோனாவையும் ஃபுளோரிடாவையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அது தவறு. 2010இல் ஃபுளோரிடா நிறைவேற்றிய சட்டத்துக்கு, உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ’கானரின் பெயரை வைத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு அவர் முழு மூச்சாக இறங்கியது குடிமையியல் கல்வியில்தான். அந்தச் சட்டத்தின்படி நடுநிலைப் பள்ளியில் குடிமையியல் தனிப் பாடம், வழக்கமாக ஏழாம் வகுப்பில். ஆண்டு முடிவில் மாநிலம் முழுவதற்கும் பொதுவான தேர்வு. அதன் மதிப்பெண் அந்தப் பாடத்தின் இறுதி மதிப்பெண்ணில் 30 சதவீதம்.

வித்தியாசம் எங்கே என்றால், இங்கே முதலில் பாடம் வந்தது, தேர்வு அதன் பின்னால் வந்தது. ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகளும் பயிற்சியும் தரும் பொறுப்பை ஒரு கூட்டு மையம் ஏற்றது. அதன் ஒரு கால் குடியரசுக் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் லூ ஃப்ரேயின் பெயரிலான நிறுவனம். மற்றொரு கால் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் பாப் கிரஹாமின் பெயரிலான மையம். இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் என்பது எந்த விளம்பரத்தையும்விட அந்தப் பாடத்துக்கு அதிக மதிப்பைக் கொடுத்தது. தேர்வு முதன்முதலாக நடந்த 2014இல் 61 சதவீத மாணவர்கள் தேறினார்கள். 2019இல் அது 71 சதவீதம். தன் தேர்வில் தானே வாங்கிய மதிப்பெண் என்பதால் இதை அப்படியே நம்பவும் வேண்டாம். குடிமையியல் நேப் தேர்வு மாநிலவாரியாக முடிவு தருவதில்லை. ஆகவே ஃபுளோரிடா பிள்ளைகள் மற்றவர்களைவிட மேலா என்று நடுநிலையான தராசில் நிறுத்துப் பார்க்க வழியில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: தேர்வு வந்ததால் அந்தப் பாடத்துக்கு ஒதுக்கிய நேரத்தை எந்தத் தலைமை ஆசிரியரும் கணிதத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியவில்லை. பொதுத் தேர்வில் இல்லாத பாடத்துக்கு என்ன கதி நேரும் என்பதை நம் ஊர் பள்ளிகளில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த வழியின் ஆபத்தையும் ஃபுளோரிடாவே காட்டிவிட்டது. பாடமும் தேர்வும் மாநிலத் தலைநகரின் கையில் இருந்தால், ஆட்சி மாறும்போது பாடமும் மாறும். ரான் டிசான்டிஸ் ஆளுநரான பிறகு குடிமையியல் தரநிலைகள் திருத்தப்பட்டன. பயிற்சியை முடிக்கும் ஆசிரியர்களுக்கு 3,000 டாலர் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. பணம் தந்து ஆசிரியரைப் படிக்கவைப்பது நல்ல காரியம்தான். ஆனால் 2022இல் மாநிலம் நடத்திய பயிற்சிகளுக்குப் போய்வந்த ஆசிரியர்களில் சிலர், அவை ஒருபக்கச் சாய்வாக இருந்ததாகப் புகார் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுத் தரநிலைகளில், அடிமைகளாக இருந்தவர்கள் கற்ற தொழில்திறன்கள் சில வேளைகளில் அவர்களுடைய சொந்த நன்மைக்கும் பயன்பட்டிருக்கலாம் என்று ஒரு வரி நுழைந்தது. நாடு முழுவதும் கொந்தளிப்பு. ஃப்ரேயும் கிரஹாமும் சேர்ந்து கட்டிய நம்பிக்கை கரைவதற்கு அதிக காலம் தேவைப்படவில்லை.

வெளியே போய்ப் பார்த்துவிட்டு வா

மாசசூசெட்ஸ் எதிர்த்திசையில் போனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதுதான் இந்தத் தரப்பின் கொள்கை. 2018 நவம்பரில் ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட சட்டப்படி, எட்டாம் வகுப்பில் ஒருமுறையும் உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும் மாணவர்களே முன்னின்று செய்யும் குடிமைத் திட்டப்பணிக்குப் பள்ளி வாய்ப்புத் தர வேண்டும். கட்சி சார்பு கூடாது. மாணவர்கள் ஒரு பிரச்சினையைத் தேர்ந்து, அதன் வேரை ஆராய்ந்து, யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று கண்டறிந்து, அவரிடம் போய்ப் பேச வேண்டும். கடைசியில் என்ன கற்றோம் என்று எழுத வேண்டும்.

நன்றாக நடந்தால் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. தெருவிளக்கு எரியாததற்கு ஜனாதிபதி காரணம் அல்ல, நகர மன்றம் காரணம், சில இடங்களில் மின் நிறுவனம் காரணம் என்று பதின்மூன்று வயதில் ஒருவன் தானே கண்டுபிடித்தால், கூட்டாட்சி என்றால் என்ன என்பதை வாழ்நாளில் மறக்க மாட்டான். நன்றாக நடக்காவிட்டால் அது நம் ஊர் ரெக்கார்டு நோட்டுதான். அழகான அட்டை, வண்ண எழுத்து, முந்தைய ஆண்டு அண்ணன் செய்ததன் நகல்.

வலதுசாரிகளின் எதிர்ப்பு வேறு காரணத்துக்காக. இப்படிப்பட்ட திட்டங்கள் எதில் முடியும், ஆசிரியருக்குப் பிடித்த கொள்கைக்குப் பிள்ளைகளைக் கொடி பிடிக்க வைப்பதில்தானே என்று கேட்கிறார்கள். 2021இல் டெக்சாஸ் அதைச் சட்டமாகவே ஆக்கியது: சட்டமன்ற உறுப்பினர்களை அணுகி ஒரு கொள்கைக்காக வாதாடும் பணிக்கு மதிப்பெண் தரக் கூடாது. பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண்ணுக்காக ஒரு பிள்ளை தன் வீட்டின் நம்பிக்கைக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வரலாம். ஆனால் தன் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதற்கு மதிப்பெண் தர முடியாது என்ற நிலையில் குடிமையியல் ஆசிரியரை நிறுத்துவது வைத்தியம் அல்ல.

எனக்குள்ள தயக்கம் இரண்டு தரப்பும் சொல்லாத ஒன்று. உண்மையான குடிமைச் செயல் வீட்டுப்பாடமாகக் கொடுக்கப்படுவதில்லை. 2014 செப்டம்பரில் கொலராடோவின் ஜெஃபர்சன் மாவட்டத்தில், உயர்நிலைப் பள்ளி அமெரிக்க வரலாற்றுப் பாடம் நாட்டுப்பற்றை வளர்க்கிறதா, சட்டமீறலை ஊக்குவிக்காமல் இருக்கிறதா என்று ஆராயக் குழு அமைக்கலாம் என்று பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவர் யோசனை வைத்தார். நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிச் சாலையோரம் பதாகையோடு நின்றார்கள். சட்டமீறலைப் பற்றிப் படிக்காதே என்ற யோசனைக்கு அதைவிடப் பொருத்தமான பதில் வேறென்ன? மறு ஆண்டு நவம்பரில் வாரியத்தின் மூன்று உறுப்பினர்களை வாக்காளர்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்த மாணவர்களை எந்தத் திட்டப்பணியும் அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை. பிரிட்டிஷாரின் தேநீர் வரியை எதிர்த்தவர்களையும், நிறப் பாகுபாட்டுக்கு எதிராகக் கறுப்பினத்தவர் நடத்திய மாண்ட்கமரி பஸ் புறக்கணிப்பையும் பற்றி வகுப்பில் படித்த பிள்ளைகள் அவர்கள்.

செயலும் படிப்பும் சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்று ஒன்று இருக்கிறது. நியூயார்க்கின் ஹார்லமில் தொடங்கிய டெமாக்ரசி பிரெப் பள்ளிகளில் இடம் குலுக்கல் முறையில் கிடைக்கும். அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மேத்தமேட்டிகா நிறுவனத்தின் ஆய்வு, 2016 தேர்தலில் அந்தப் பள்ளிகள் மாணவர்களின் வாக்காளர் பதிவைச் சுமார் 16 சதவீதப் புள்ளிகளும் வாக்களிப்பைச் சுமார் 12 புள்ளிகளும் உயர்த்தியதாகக் கண்டது. கல்வி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய விளைவு அபூர்வம். ஆனால் அங்கே குடியுரிமைத் தேர்வும் உண்டு, கடைசி ஆண்டுத் திட்டப்பணியும் உண்டு, தேர்தல் நாளில் தெருவில் நின்று வாக்களியுங்கள் என்று துண்டறிக்கை கொடுப்பதும் உண்டு. பள்ளியின் மூச்சே அதுதான். அதில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து வேறு பள்ளியில் ஒட்டினால் அதே பலன் வரும் என்று ஆய்வு சொல்லவில்லை.

இரண்டுக்கும் நடுவே இலினாய் இருக்கிறது. 2015 சட்டப்படி உயர்நிலைப் பள்ளியில் ஒரு பருவக் குடிமையியல் கட்டாயம்; அதில் சர்ச்சைக்குரிய நடப்புப் பிரச்சினைகளை விவாதிப்பதும், சட்டமன்றம் போன்றவற்றை நடித்துப் பார்ப்பதும், சேவையோடு கற்பதும் இருக்க வேண்டும். மாநில அளவில் தேர்வு இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கான பணம் சிகாகோவின் மெக்கார்மிக் அறக்கட்டளை போன்ற தனியாரிடமிருந்து வந்தது. சர்ச்சையை விவாதி என்று சட்டமே சொல்வதால், பெற்றோர் ஒருவர் கோபத்தோடு வந்து நின்றால் ஆசிரியர் சட்டத்தைக் காட்டலாம். பல மாநிலங்களில் இனம், நிறம் பற்றிப் பேசுவதையே சட்டங்கள் சிக்கலாக்கியிருக்கும் காலத்தில் இது சின்ன பாதுகாப்பு அல்ல.

1608, 1624

இதுவரை சொன்ன எல்லாம் குடிமையியல். வரலாறு எங்கே போயிற்று? மதிப்பெண் அதிகமாகச் சரிந்தது அதில்தானே. மாநிலச் சட்டங்கள் குடிமையியலின் பின்னால் ஓடும்போது வரலாற்றைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, ஆவணங்களை வைத்து வரலாறு கற்பிக்கும் பாடங்களைத் தயாரித்து இலவசமாக வெளியிட்டது. ஒன்றைப் பார்ப்போம். வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயரான கேப்டன் ஜான் ஸ்மித்தைப் பழங்குடித் தலைவர் பவ்ஹாட்டனின் மகள் போகஹான்டஸ் காப்பாற்றினாளா? அந்தக் கதையை அமெரிக்கக் குழந்தைகள் எல்லோரும் கார்ட்டூனில் பார்த்திருக்கிறார்கள். ஆசிரியர் இரண்டு தாள்களைக் கொடுக்கிறார். இரண்டும் ஸ்மித் எழுதியவை. சம்பவம் நடந்த சில மாதங்களில், 1608இல் எழுதியதில் பவ்ஹாட்டன் தன்னை அன்போடு வரவேற்று விருந்து வைத்ததாகச் சொல்கிறார். காப்பாற்றிய பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1624இல் எழுதியதில் கல் மீது தலையை வைத்தார்கள், தடிகளை ஓங்கினார்கள், அரசனின் மகள் தன் தலையை அதன்மேல் வைத்துக் காத்தாள். ஒரே ஆள், ஒரே சம்பவம், இரண்டு கதை. இடையில் என்ன நடந்தது? 1616இல் போகஹான்டஸ் லண்டனுக்கு வந்து பெரும்புகழ் பெற்றாள். மறு ஆண்டே இறந்தும் போனாள். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. இதைக் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஏற்படும் சலசலப்பை எந்தப் பாடப்புத்தகமும் தராது. ஆசிரியர் பதிலைச் சொல்வதும் இல்லை. அந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

2008இல் சான் பிரான்சிஸ்கோவின் ஐந்து அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் ஆறு மாதம் இந்த முறையைச் சோதித்தார்கள். வரலாற்றுச் சிந்தனை மட்டுமல்ல, தகவல்களை நினைவில் வைத்திருப்பதும், பொதுவான வாசிப்புத் திறனும் உயர்ந்தன. மனப்பாடமா சிந்தனையா என்ற பழைய பட்டிமன்றம் அர்த்தமற்றது என்பதற்கு இது போதும். அதே குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் ‘விளம்பரதாரர் உள்ளடக்கம்’ என்று குறிக்கப்பட்டதைச் செய்தி என்றே நம்பியவர்கள் நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல். இதை எழுதியவர் யார், எப்போது, எதற்காக என்று கேட்கும் பழக்கம் ஸ்மித்தின் கடிதத்துக்கும் பொருந்தும், கையில் இருக்கும் கைபேசிக்கும் பொருந்தும். மூன்று அதிகாரக் கிளைகளின் பெயரை ஒப்பிப்பதால் இந்தப் பழக்கம் வராது.

இதன் அடுத்த படி தேசிய வரலாற்று நாள் போட்டி. 1974இல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. இன்று ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் மூல ஆவணங்களைத் தேடி ஆய்வு செய்கிறார்கள். 1964 ஜூன் 21 அன்று மிசிசிப்பியில் சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளம் சிவில் உரிமைப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து இலினாய் பள்ளி மாணவியர் மூவர், ஓர் ஆசிரியரின் துணையோடு, இந்தப் போட்டிக்காக அதைப் பற்றிய ஆவணப்படம் எடுத்தார்கள். பழைய வழக்குத் தாள்களைப் புரட்டினார்கள். சந்தேக நபரான எட்கர் ரே கில்லனோடு தொலைபேசியில் பேட்டி எடுத்தார்கள். வழக்கை மறுபடி திறக்க வேண்டும் என்று கேட்டவர்களோடு தங்கள் குரலையும் சேர்த்தார்கள். 2005 ஜூன் 21 அன்று கில்லன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, கொலை நடந்து சரியாக 41 ஆண்டுகள் கழித்து. மாணவியரால் மட்டுமே அது நடந்தது என்று சொன்னால் மிகை. பத்திரிகையாளர்களும் குடும்பத்தினரும் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். ஆனால் மாசசூசெட்ஸ் தேடும் குடிமைச் செயல் இங்கே வரலாற்றுப் பாடத்தின் வழியாகவே வந்துவிட்டது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட பங்கும் இருக்கிறது. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946இல்தான் திறந்தது. அதுவும் ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் குடியேற முடியாத அளவில். 1965இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் நாம் இன்று பார்க்கும் குடியேற்றமே. அந்தத் தீர்ப்பு சில பக்கங்கள்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளலாம். தன் தந்தை எழுதிய குடியுரிமைத் தேர்வை எழுதுவதற்கே ஒரு காலத்தில் தன் நிறத்தவருக்கு அனுமதி இல்லை என்று தெரிந்த பிள்ளைக்கு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற வரி வேறு மாதிரி ஒலிக்கும். இலினாய் 2021இலும் நியூ ஜெர்சி 2022இலும் ஆசிய அமெரிக்கர் வரலாற்றைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சட்டம் போட்டன. வகுப்பறையில் அது எந்த அளவு நடக்கிறது என்பதைப் பெற்றோர்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த வழிக்கும் விலை உண்டு. நன்றாகப் பயின்ற ஆசிரியர் வேண்டும். விளையாட்டுப் பயிற்சியாளருக்கு மிச்ச நேரத்தில் வரலாற்று வகுப்பைத் தள்ளிவிடும் அமெரிக்க வழக்கத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குப் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம் எட்டாது. சுருக்கி எளிதாக்கித் தர வேண்டும். தேர்வில் அளப்பதும் கடினம்.

மற்ற யோசனைகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நீதிபதி ஓ’கானர் 2009இல் தொடங்கிய ஐசிவிக்ஸ் என்ற அமைப்பின் கணினி விளையாட்டுகள் இலவசம், பிள்ளைகளுக்குப் பிடிக்கின்றன. ஆசிரியர் பாடத்தோடு இணைத்தால் நல்ல துணை. தனியே விட்டால் பொழுதுபோக்கு. வாக்களிக்கும் வயதை 16 ஆக்குவதை மேரிலாந்தின் டகோமா பார்க் நகரம் 2013இலேயே உள்ளூர்த் தேர்தலில் செய்துவிட்டது. சுவாரசியமான சோதனை, ஆனால் அது பள்ளி வாரியத்தின் கையில் இல்லை. பல மாநிலங்களில் 16, 17 வயது மாணவர்கள் வாக்குச்சாவடியில் பணியாற்றலாம், ஊதியமும் உண்டு. இது ஏனோ பலருக்கும் தெரிவதில்லை.

நேரம் எங்கே?

எல்லா வழிகளையும் மடக்கும் கேள்வி இது. 2002 தொடக்கத்தில் சட்டமான ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’, வாசிப்புக்கும் கணிதத்துக்கும் ஆண்டுதோறும் தேர்வு வைத்து, அதன் முடிவைக் கொண்டு பள்ளிகளைத் தண்டித்தது. ஐந்தாண்டுகளில் 36 சதவீதக் கல்வி மாவட்டங்கள் தொடக்கப் பள்ளியில் சமூகப் பாட நேரத்தை வெட்டிவிட்டதாகக் கல்விக் கொள்கை மையத்தின் கணக்கெடுப்பு சொன்னது. எட்டாம் வகுப்பில் சரியும் மதிப்பெண்ணின் வேர் மூன்றாம் வகுப்பின் கால அட்டவணையில் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெட்டிய நேரத்தால் வாசிப்பும் வளரவில்லை. ஃபோர்டம் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பள்ளியில் நாளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகச் சமூகப் பாடம் பெற்ற பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் வாசிப்பில் மேலாக இருந்தார்கள். கூடுதல் நேரம் ஆங்கிலப் பாடத்துக்குப் போனவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதாது. அது எதைப் பற்றியது என்ற அறிவும் வேண்டும். கட்சிச் சண்டை இல்லாத வழியும் இதுதான். இரண்டாம் வகுப்பில் வரைபடத்தையும் நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாயையும் சொல்லிக்கொடுப்பதை எந்த ஆளுநரும் தடை செய்யப் போவதில்லை.

ஆகவே ஒரு பள்ளி வாரியத்தில் எனக்கு ஒரு வாக்கு இருந்தால், முதல் பணத்தைத் தொடக்கப் பள்ளியின் அந்த அரை மணி நேரத்துக்குப் போடுவேன். இரண்டாவது பணம் நடுநிலை, உயர்நிலை வரலாற்று ஆசிரியர்கள் ஆவணங்களைக் கையாளப் பயில்வதற்கு. பாடங்கள் இலவசம் என்பதால் செலவெல்லாம் பயிற்சிக்கும் அந்த நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆசிரியருக்கும்தான். ஆண்டு முழுவதும் குடிமையியல் பாடம் இல்லாத மாவட்டமாக இருந்தால் இந்த இரண்டுக்கும் முன்பாக, ஃபுளோரிடா முதலில் செய்தது போலப் பாடத்தையும் அதற்கு ஒரு தேர்வையும் கொண்டுவருவேன். வினாத்தாளை மட்டும் ஒரு கட்சியின் கையில் விட மாட்டேன். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இதில் பாதி வேலை முடிந்துவிட்டது. 2021 சட்டம் நடுநிலைப் பள்ளியில் குடிமையியலைக் கட்டாயமாக்கியிருக்கிறது, 79 ஆண்டுகள் வாக்குச்சாவடிப் பணியாளராக இருந்த லாரா வூட்டன் என்ற பெண்மணியின் பெயரில். திட்டப்பணியை விரும்பும் ஆசிரியருக்கு அனுமதியும் பாதுகாப்பும் கொடுப்பேன். விரும்பாதவர் மேல் சுமத்த மாட்டேன்.

அரிசோனா வழிக்கு மட்டும் வாக்கு இல்லை. அந்தக் கேள்விகள் குடியுரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் ஒருவர் அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால் பிள்ளையையே கேள்வி கேட்க வைக்கலாம். அதற்கு மாநிலச் சட்டம் எதுவும் தேவையில்லை.